டர்பன்ல இன்டர்ன்ஷிப் தேடுறதுக்கு முன்னாடி, அந்த இடத்துக்கு யார் காசு கட்டுறாங்கன்னு தெரிஞ்சுக்கோங்க

தென்னாப்பிரிக்காவுல, டர்பன் பக்கம் நம்ம இந்தியர் நிறைய வாழற சாட்ஸ்வொர்த்லயோ ஃபீனிக்ஸ்லயோ காலேஜ் போற பிள்ளை இருக்கிற வீட்டுல இப்ப பெரிய கவலை மார்க்கு இல்ல, இன்டர்ன்ஷிப்தான். பாடம் எல்லாம் பாஸ் பண்ணியாச்சு, ஆனா ஒரு கம்பெனியில சில மாசம் வேலை பார்த்தாதான் டிப்ளமோ கைக்கு வரும்ங்கிற நிலையில சும்மா வீட்டுல உட்கார்ந்திருக்கிற பிள்ளைங்க எத்தனையோ பேர். அப்பா அம்மா சொல்றது "நல்லா படி, தானா கிடைக்கும்", பக்கத்து வீட்டு அங்கிள் சொல்றது "உள்ள ஆள் தெரியணும்". ரெண்டுலயும் கொஞ்சம் உண்மை இருக்கு, ஆனா ரெண்டு பேருமே முக்கியமான ஒண்ணை விட்டுடறாங்க. இந்த நாட்டுல ஒரு கம்பெனி ஒரு ஸ்டூடண்ட்டை உள்ள சேர்க்குதுன்னா பெரும்பாலும் அந்த நாற்காலிக்குப் பின்னாடி ஒரு காசு இருக்கும், வரியில கழியுற காசா இருக்கலாம், செட்டாவுல (ஒவ்வொரு தொழிலுக்கும் ட்ரெயினிங்கைப் பார்த்துக்கிற அரசாங்க அமைப்பு) இருந்து வர்ற காசா இருக்கலாம், பி.இ.இ. (முன்னாடி ஒதுக்கி வச்ச இனத்தவங்களுக்கு வாய்ப்புக் கொடுக்கிற கம்பெனிக்கு மதிப்பெண் போடற சட்டம்) பாயிண்டா மாறுற காசா இருக்கலாம். அது எங்கிருந்து வருது, எந்த மாசத்துல வருது, யாருக்காக வருதுன்னு தெரிஞ்சாதான் எங்க போய் எப்ப கேக்கணும்னு புரியும்.

நிலைமை எவ்வளவு மோசம்னு முதல்ல பார்த்துடலாம். 2025 முதல் காலாண்டுக்கு அரசாங்கப் புள்ளிவிவரத் துறையான ஸ்டாட்ஸ் எஸ்.ஏ. கொடுத்த கணக்குல 15-ல இருந்து 24 வயசு வரைக்கும் இருக்கிறவங்கள்ல வேலையில்லாதவங்க 62.4 சதவீதம். எல்லா வயசுலயும் சேர்த்து டிகிரி முடிச்சவங்கள்ல 11.7 சதவீதம். அதாவது டிகிரிக்கு இன்னும் நல்ல மதிப்பு இருக்கு, "படிச்சு என்ன ஆச்சு"ன்னு பேசுறவங்க இந்த ரெண்டு நம்பரையும் பக்கத்துல வச்சுப் பார்க்கணும். ஆனா அதே கணக்குல இன்னொண்ணும் இருக்கு, வேலையில்லாத இளைஞர்கள்ல பத்துக்கு கிட்டத்தட்ட ஆறு பேர் வாழ்க்கையில ஒரு தடவை கூட வேலை பார்த்ததே இல்ல. அனுபவம் இல்லாம வேலை இல்ல, வேலை இல்லாம அனுபவம் இல்லங்கிற இந்தச் சிக்கலை உடைக்கத்தான் அரசாங்கம் இவ்வளவு திட்டத்தையும் போட்டு வச்சிருக்கு.

நம்ம ஆளுங்களுக்கு இது புதுசு இல்லங்கிறதையும் சொல்லியாகணும். 1860-ல ட்ரூரோ கப்பல்ல மெட்ராஸ்ல இருந்து வந்து இறங்கினவங்களோட பேரப்பிள்ளைங்க கரும்புத் தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்து தொழில் கத்துக்கப் பார்த்தப்போ கதவு சாத்தியிருந்துச்சு. 1922-ல வந்த அப்ரன்டிஸ்ஷிப் சட்டத்துல நிறம்ங்கிற பேச்சே இல்ல, ஆனா ஸ்டாண்டர்ட் சிக்ஸ் (இப்பத்த எட்டாம் வகுப்பு) வரை படிச்சிருக்கணும்னு போட்டாங்க, அந்தக் காலத்துல இந்தியப் பிள்ளைங்களுக்கும் கறுப்பினப் பிள்ளைங்களுக்கும் அவ்வளவு தூரம் படிக்க ஸ்கூலே போதுமானது இல்ல, அதனால ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் மாதிரி தொழில் எல்லாம் வெள்ளைக்காரப் பையன்களுக்கே போச்சு. 1956-ல வந்த சட்டம் இன்ன வேலை இன்ன இனத்துக்குத்தான்னு ஒதுக்கவே அதிகாரம் கொடுத்துச்சு. அப்ப நம்மவங்க தாங்களே வழி பண்ணிக்கிட்டாங்க, மலபார்ல இருந்து ஒப்பந்தக் கூலியா வந்து பின்னாடி வியாபாரத்துல சம்பாதிச்ச எம்.எல். சுல்தான் கொடுத்த நன்கொடையில எழும்பின டெக்னிக்கல் காலேஜ்தான் 2002-ல டெக்னிக்கான் நட்டாலோட சேர்ந்து இப்ப டர்பன் யுனிவர்சிட்டி ஆஃப் டெக்னாலஜியா நிக்குது. கல்விக்கு நாமளே கட்டடம் கட்டிக்க முடிஞ்சுது, தொழிற்சாலைக்குள்ள போற கதவு மட்டும் வேற ஆளுங்க கையில இருந்துச்சு. "ஆள் தெரியணும்"ங்கிற பேச்சு அங்கிருந்துதான் வருது, சொந்தக்காரர் யாராவது உள்ள இருந்தா ஒழிய வழியே இல்லாத காலம் அது. இப்ப சட்டம் மாறிடுச்சு, ஆனா வீட்டுல சொல்லித் தர்ற வழி இன்னும் அந்தக் காலத்து வழியாவே இருக்கு.

சரி, காசு விஷயத்துக்கு வருவோம். 1999-ல வந்த ஸ்கில்ஸ் லெவி (தொழில் பயிற்சிக்கான கட்டாயத் தொகை) சட்டப்படி வருஷத்துக்கு 5 லட்சம் ரேண்டுக்கு மேல சம்பளம் கொடுக்கிற எந்த முதலாளியும் அந்தச் சம்பளத் தொகையில 1 சதவீதத்தை மாசாமாசம் வரித்துறையான சார்ஸுக்குக் கட்டணும். அதுல ஐந்துல ஒரு பங்கு நேஷனல் ஸ்கில்ஸ் ஃபண்டுக்குப் போகுது, மீதி அந்தத் தொழிலுக்கு உண்டான செட்டாவுக்குப் போகுது. மொத்தம் 21 செட்டா இருக்கு, கார் தொழிற்சாலை, இரும்பு வேலைன்னா மெர்செட்டா, பேங்க்னா பேங்க்செட்டா, கம்ப்யூட்டர்னா மிக்ட் செட்டா, ஹார்பர், லாரி, ஷிப்பிங்னா டெட்டா. கம்பெனி தன் ஆளுங்களுக்கு என்ன ட்ரெயினிங் கொடுக்கப்போறோம், போன வருஷம் என்ன கொடுத்தோம்னு ஒரு பிளானும் ரிப்போர்ட்டும் ஏப்ரல் 30-க்குள்ள செட்டாவுக்குக் கொடுத்தா கட்டின லெவியில ஒரு பங்கு திரும்ப வரும். இன்னும் பெரிய பங்கு செட்டா தன் விருப்பப்படி கொடுக்கிற கிராண்ட்ல இருக்கு, அதுலதான் இன்டர்ன்ஷிப், லேர்னர்ஷிப் (வேலையும் படிப்பும் சேர்ந்த பயிற்சி), நம்ம பிள்ளைங்க கேக்குற இன்-சர்வீஸ் (படிப்பை முடிக்கத் தேவையான வேலை அனுபவம்) எல்லாம் வருது. கம்பெனி விண்ணப்பிச்சு, செட்டா ஒத்துக்கிட்டா, ஸ்டூடண்ட்டோட மாச ஸ்டைபெண்ட்டுக்கு செட்டாவே காசு கொடுக்கும்.

இதை ஏன் இவ்வளவு விளக்கமா சொல்றேன்னா, ஒரு சின்ன கம்பெனி மேனேஜர் "எங்ககிட்ட பட்ஜெட் இல்ல"ன்னு சொன்னா பெரும்பாலான பிள்ளைங்க தேங்க்யூ சொல்லிட்டு வந்துடறாங்க. அந்த இடத்துல "சார், உங்க செட்டா எது, இந்த வருஷம் இன்-சர்வீஸ் கிராண்ட்டுக்கு விண்ணப்பிச்சிருக்கீங்களா, வேணும்னா எங்க யுனிவர்சிட்டி கோ-ஆப்பரேட்டிவ் எஜுகேஷன் ஆபீஸை உங்ககிட்ட பேசச் சொல்றேன்"னு (ஸ்டூடண்ட்டுக்கு வேலை இடம் பார்த்துக் கொடுக்கிற ஆபீஸ் அது) கேக்கத் தெரிஞ்சிருந்தா பேச்சு வேற மாதிரி போகும். எல்லாரும் ஒத்துக்குவாங்கன்னு சொல்லல. ஆனா இப்படி ஒரு வழி இருக்குன்னே தெரியாத சின்ன முதலாளிங்க நிறைய.

அடுத்தது வரி. லேர்னர்ஷிப்புக்கு வருமான வரிச் சட்டத்துல 12எச்-னு ஒரு பிரிவு இருக்கு. செட்டாவுல பதிவு பண்ணின லேர்னர்ஷிப்ல ஒருத்தரைச் சேர்த்தா, என்.க்யூ.எஃப். (நாட்டுக் கல்வித் தகுதிப் படிநிலை) 1-ல இருந்து 6 வரைக்கும் தகுதி இருக்கிறவங்களுக்கு வருஷத்துக்கு 40,000 ரேண்ட், முடிச்சதும் இன்னொரு 40,000 ரேண்ட் கம்பெனியோட வரி போடற வருமானத்துல கழிச்சுக்கலாம். என்.க்யூ.எஃப். 7-ல இருந்து மேல, அதாவது டிகிரிக்காரங்களுக்கு, அது பாதிதான், 20,000. உடல் ஊனம் உள்ளவங்களைச் சேர்த்தா 60,000 வரைக்கும் போகுது. இப்ப புரியுதா, டிகிரி முடிச்ச அக்காவுக்கு ஒண்ணும் கிடைக்காம மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) மட்டும் முடிச்ச தம்பிக்கு லேர்னர்ஷிப் கிடைக்குதே எப்படின்னு? அவன் அதிர்ஷ்டக்காரன், இவ துரதிர்ஷ்டக்காரின்னு இல்ல, கம்பெனிக்கு வரியில அவனால கழியுறது ரெண்டு மடங்கு. டிகிரிக்காரங்க லேர்னர்ஷிப் லிஸ்ட்டையே பார்த்துக்கிட்டு இருக்கிறதை விட கிராஜுவேட் இன்டர்ன்ஷிப், கேண்டிடேட் புரோகிராம் (எஞ்சினியர் மாதிரி தொழில் பதிவுக்கு முன்னாடி பார்க்கிற பயிற்சி வேலை) பக்கம் நேரத்தைச் செலவழிக்கிறது நல்லது.

இ.டி.ஐ.-ன்னு இன்னொண்ணு 2014 ஜனவரியில இருந்து நடக்குது, 18-ல இருந்து 29 வயசுக்குள்ள குறைஞ்ச சம்பளத்துல புதுசா சேர்ற ஒருத்தருக்கு முதல் வருஷம் மாசம் 1,500 ரேண்ட் வரைக்கும் முதலாளி கட்டவேண்டிய வரியில குறையும், ரெண்டாவது வருஷம் அதுல பாதி. இதுல ஒரு சங்கதி நம்ம குடும்பங்களுக்கு முக்கியம், முதலாளிக்கு நெருங்கின சொந்தமா இருந்தா இந்தச் சலுகை கிடையாது. மாமா கம்பெனியில சேர்றது சுலபம்தான், ஆனா மாமாவுக்கு அரசாங்கத்துல இருந்து சல்லி வராது, அதனால அவரும் பாசத்துக்காக ரெண்டு மாசம் வச்சிருந்துட்டு அனுப்பிடுவார். தெரியாத கம்பெனிக்கு உங்களைச் சேர்க்கறதுல மாமாவை விட லாபம் அதிகம், இதை மனசுல வச்சுக்கிட்டா முன்னப்பின்ன தெரியாத இடத்துக்குப் போய் நிக்கிற கூச்சம் குறையும்.

பி.இ.இ. பத்திப் பேசாம இந்த விஷயம் முடியாது, இதுல நம்ம சனங்க நடுவுல கோபமும் தப்பான தகவலும் ரெண்டும் அதிகம். 2003 சட்டத்துல பிளாக்னு சொன்னா ஆப்பிரிக்கர், கலர்ட், இந்தியர் மூணு பேரும் சேர்ந்துதான். பிறப்பாலயோ வம்சாவளியாலயோ குடிமக்களா இருக்கணும், இல்லன்னா 1994 ஏப்ரல் 27-க்கு முன்னாடி குடியுரிமை வாங்கியிருக்கணும், இல்ல அப்ப வாங்குற தகுதி இருந்திருக்கணும். அதனால கரும்புத் தோட்டத்துக்கு வந்தவங்களோட கொள்ளுப்பேத்தி கணக்குல வருவா, ஆனா பத்து வருஷம் முன்னாடி சென்னையில இருந்து ஐ.டி. வேலைக்கு வந்தவரோட பொண்ணு, இங்கயே ஸ்கூல் முடிச்சு குடியுரிமை வாங்கியிருந்தாலும், வரமாட்டா. ரெண்டு பேரும் ஒரே கோயில்ல ஒரே வரிசையில நின்னு பிரசாதம் வாங்குறவங்கதான், இன்டர்ன்ஷிப் ஃபார்ம்ல மட்டும் வேற வேற கட்டத்துல டிக் பண்ணணும். ஸ்டடி விசாவுல படிக்கிறவங்களுக்கு இன்னொரு வரம்பு, படிப்பு நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம்தான் பார்ட் டைம் வேலை பார்க்கலாம். இவங்களுக்கு செட்டா, பி.இ.இ. காசு நம்பி இருக்கிற இடங்கள் ஒத்து வராது, பன்னாட்டுக் கம்பெனிங்க, ஆராய்ச்சி லேப், யுனிவர்சிட்டிக்குள்ளயே இருக்கிற அசிஸ்டன்ட் வேலைன்னு தேடணும்.

இங்க பிறந்த இந்தியருக்கும் சட்டத்துல இருக்கிறது ஒண்ணு, கம்பெனி கணக்குப் போடறது இன்னொண்ணு. 2013-ல மாத்தின விதிப்படி ட்ரெயினிங் பாயிண்ட்டை வேலை பார்க்கிற, வேலை தேடுற மக்களோட விகிதப்படி இனவாரியாப் பிரிச்சுப் பார்க்குறாங்க. 2022 சென்சஸ்ல நாடு முழுக்க இந்தியர் 2.7 சதவீதம், க்வாசூலு-நட்டால்ல 9.3 சதவீதம். கம்பெனி நாட்டு விகிதத்தை எடுத்துக்கிட்டா நூறு இடத்துல நமக்குன்னு பாயிண்ட் வர்றது ரெண்டு மூணு, மாகாண விகிதத்தை எடுத்துக்கிட்டா அது மூணு மடங்குக்கு மேல. அதனால ஜோஹன்னஸ்பர்க் பக்கம் சாண்ட்டன்ல ஹெட் ஆபீஸ் வச்சு நாட்டுக்கே ஆள் எடுக்கிற புரோகிராமை விட, பிராஸ்பெக்டன், ஜேக்கப்ஸ், பைன்டவுன், உம்ஹ்லாங்கா பக்கம் இங்கயே முடிவெடுக்கிற கம்பெனிங்களைப் பார்க்கறது டர்பன் பிள்ளைங்களுக்கு நல்லதுன்னு நான் நினைக்கிறேன். இதைச் சொல்றப்போ ஒண்ணு மறக்கக்கூடாது, வேலையில்லாத இளைஞர்கள்ல மிகப் பெரும்பாலானவங்க ஆப்பிரிக்கப் பிள்ளைங்க, ஆப்பிரிக்கர் வாழற உம்லாஸியில இருக்கிற அம்மாவுக்கும் நம்ம வீட்டு அம்மாவுக்கும் கவலை ஒண்ணுதான், விதியைப் புரிஞ்சுக்கிறது நம்ம வழியைக் கண்டுபிடிக்கத்தான், யார் மேலயும் வெறுப்பு வளர்க்க இல்ல.

2018 மார்ச்ல ஜனாதிபதி ராமபோசா ஆரம்பிச்சு வச்ச யெஸ்ங்கிற இளைஞர் வேலைத் திட்டமும் இதே பி.இ.இ. கணக்குலதான் ஓடுது. கம்பெனி 12 மாசத்துக்கு இளைஞர்களை வேலைக்கு வச்சு, குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தொட்டா பி.இ.இ. லெவல்ல ஒண்ணோ ரெண்டோ படி மேல போகும். படி ஏறணும்னா எண்ணிக்கை நிறைஞ்சாகணும், அதனால நிதியாண்டு முடியுறதுக்குள்ள அவசர அவசரமா ஆள் எடுக்கிற மாசங்கள் வரும். வெப்சைட்ல ஆண்டறிக்கை போடற கம்பெனின்னா அதுலயே அது எந்த மாசம்னு தெரிஞ்சுக்கலாம், பல கம்பெனிங்களுக்கு அது பிப்ரவரி, ஜூன், இல்லன்னா டிசம்பர்.

நேரம்ங்கிறதுதான் நம்ம பிள்ளைங்க ரொம்ப கோட்டை விடற இடம். நம்ம காலேஜ் வருஷம் பிப்ரவரியில தொடங்கி நவம்பர்ல முடியுது, பிள்ளைங்க பரீட்சை முடிஞ்சு நவம்பர் கடைசியில நிதானமா சீவி எழுத உட்காருவாங்க, ஆனா பெரிய பேங்க், ஆடிட் கம்பெனி, லா ஃபர்ம் எல்லாம் அடுத்த ஜனவரிக்கான ஆளை இந்த வருஷ நடுவுலயே எடுத்து முடிச்சிருக்கும். தைப்பூசக் காவடி முடியுற நேரத்துல சீவியும் மார்க்ஷீட்டும் ரெடியா இருக்கணும், உம்பிலோ கோயில்ல குட் ஃப்ரைடே தீமிதி நடக்கிறப்போ விண்ணப்பம் போயிருக்கணும், நான் வீட்டுப் பிள்ளைங்ககிட்ட சொல்ற கணக்கு இதுதான். அரசாங்க நிதியாண்டு ஏப்ரல் 1-ல ஆரம்பிக்குது, செட்டாவுக்கும் அதேதான், அதனால அரசாங்க டிபார்ட்மென்ட் இன்டர்ன்ஷிப் விளம்பரம் வருஷத் தொடக்கத்துல நிறைய வரும், அரசாங்கம் வாராவாரம் வெளியிடற வேலை சர்க்குலர்ல பார்க்கலாம். அதுக்கு ஸெட்83-ங்கிற அரசாங்க வேலை விண்ணப்ப ஃபார்ம் நிரப்பணும், 2021-ல இருந்து புது ஃபார்ம், பழசை அனுப்பினாலோ கையெழுத்து விட்டுப் போனாலோ படிச்சே பார்க்காம ஒதுக்கிடுவாங்க. அட்டஸ்ட் பண்ணின காப்பி ஷார்ட்லிஸ்ட் ஆனவங்க மட்டும் கொடுத்தா போதும். அது தேவைப்படுறப்போ போலீஸ் ஸ்டேஷன்லயே இலவசமா முத்திரை போட்டுத் தருவாங்க, இதுக்கு யாருக்கும் காசு கொடுக்காதீங்க.

எந்தப் படிப்புக்கு எவ்வளவு வேலை அனுபவம் வேணும்ங்கிறதும் ஆளாளுக்கு வேற. டிவெட் (தொழிற்கல்வி) காலேஜ்ல கடைசி நிலையான என்6 முடிச்சவங்களுக்கு டிப்ளமோ வரணும்னா பிசினஸ் பாடத்துக்கு 18 மாசம், எஞ்சினியரிங்க்கு 24 மாசம் சம்பந்தப்பட்ட வேலை பார்த்திருக்கணும், இது பெரிய பாரம், இதுலதான் அதிகம் பேர் மாட்டிக்கிறாங்க. சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்டுக்கு மூணு வருஷ ட்ரெயினிங் காண்ட்ராக்ட். எல்எல்பி முடிச்சவங்களுக்கு பொதுவா ரெண்டு வருஷ ஆர்ட்டிகிள்ஸ் (வக்கீல் ஆபீஸ் பயிற்சி), அதுக்கு முன்னாடி ஜூலை லீவுலயும் டிசம்பர் லீவுலயும் அதே ஃபர்ம்ல வெகேஷன் வேலை பார்த்திருந்தா அவங்களே கூப்பிடற வாய்ப்பு அதிகம். எஞ்சினியரிங் டிகிரிக்காரங்க வெகேஷன் வேலையை மூணாவது வருஷம் வரை தள்ளிப் போடக்கூடாது, ரெண்டாவது வருஷமே ஒரு ஒர்க்‌ஷாப்ல தரை பெருக்கற வேலையா இருந்தாலும் போயிடணும்.

சம்பளம் இல்லாத இன்டர்ன்ஷிப் பத்தி என் கருத்தை நேராவே சொல்லிடறேன், அது நம்ம ஏழை வீட்டுப் பிள்ளைங்களை வெளியில நிறுத்துது. 2018-ல வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டத்துல எந்த ஊதியமும் வாங்காத வாலண்டியர் சேர்த்தி இல்ல, 2025 மார்ச்ல அந்தக் கூலியை மணிக்கு 28.79 ரேண்ட்னு வச்சாங்க, ஆனா வாலண்டியர்னு பேர் வச்சுட்டா அந்தக் காசு கேக்க முடியாது. சாட்ஸ்வொர்த்ல இருந்து டவுனுக்கு ஒரு மினிபஸ் டாக்ஸி, டவுன்ல இருந்து உம்ஹ்லாங்காவுக்கு இன்னொரு டாக்ஸி, திரும்பி வர அதே ரெண்டு, மதியச் சாப்பாடு வேற, மாசக் கடைசியில வீட்டுல ஆயாவோட பென்ஷன்ல கை வைக்கவேண்டி வரும். கார் இருக்கிற வீட்டுப் பிள்ளை சமாளிச்சுடுவான். சம்பளம் இல்லன்னு சொன்னா போக்குவரத்துக் காசாவது தரமுடியுமான்னு கேளுங்க, கேக்கறது தப்பே இல்ல, தரமுடியாதுன்னா வாரத்துக்கு மூணு நாள் வர்றேன்னு பேசிப் பாருங்க. சேர்றதுக்கு முன்னாடி எழுத்துல வாங்கிக்கோங்க, எத்தனை மாசம், யார் மென்டர், லாக் புக்ல (பார்த்த வேலையைப் பதியுற நோட்டு) யார் கையெழுத்துப் போடுவாங்கன்னு. மாசாமாசம் கையெழுத்து வாங்காம விட்டு, மென்டர் வேற கம்பெனிக்குப் போயிட்டா அவ்வளவு நாள் உழைப்பும் டிப்ளமோ கணக்குல சேராம போயிடும்.

ஏமாத்துக்காரங்களும் இந்தக் கவலையிலதான் பிழைக்கிறாங்க. வாட்ஸ்அப்ல "லேர்னர்ஷிப் கன்ஃபர்ம், பதிவுக் கட்டணம் மட்டும் அனுப்புங்க", இல்ல "கிரிமினல் செக்குக்கு 350 ரேண்ட் போடுங்க"ன்னு மெசேஜ் வரும். 2014-ல வந்த எம்ப்ளாய்மென்ட் சர்வீசஸ் சட்டத்துல வேலை தேடறவங்ககிட்ட அந்த சேவைக்காக காசு வாங்கக்கூடாதுன்னு தெளிவா இருக்கு. காசு கேட்டா அங்கயே நிறுத்திடுங்க, ஐ.டி. காப்பியும் பேங்க் நம்பரும் அனுப்பாதீங்க. டேட்டா செலவில்லாம பார்க்கணும்னா எஸ்.ஏ. யூத் தளம் இருக்கு, அதுல பதிவு பண்றதும் இலவசம்.

கடைசியா, நம்ம பெரியவங்களுக்கு. டர்பன்ல ஹார்ட்வேர் கடை, பிரிண்டிங், டிரான்ஸ்போர்ட், அக்கவுண்டிங் ஆபீஸ்னு வச்சிருக்கிற தமிழ் அண்ணாச்சிங்க, அக்காங்க எவ்வளவோ பேர் இருக்காங்க, கோயில் விழாவுக்கு ஆயிரக்கணக்குல கொடுக்கிறவங்க. நீங்க மாசாமாசம் சார்ஸுக்குக் கட்டற ரிட்டர்ன்ல லெவின்னு ஒரு லைன் இருக்கும், உங்க அக்கவுண்டன்ட்கிட்ட கேளுங்க, அது எந்த செட்டாவுக்குப் போகுது, ஏப்ரல் 30 பிளானைக் கொடுத்தோமா, இன்-சர்வீஸ் கிராண்ட்டுக்கு அடுத்து எப்ப விண்ணப்பம் திறக்குதுன்னு. ஸ்டூடண்ட்டைப் பார்த்துக்க ஒரு மென்டர் வேணும், உட்கார ஒரு இடம் வேணும், லாக் புக்ல ஒழுங்கா கையெழுத்துப் போடணும். லெவி கட்டற அளவுக்கு இல்லாத சின்னக் கடையா இருந்தாலும் டிசம்பர் லீவுல டாக்ஸிக் காசு கொடுத்து ஒரு பிள்ளையை ஸ்டாக் கணக்கு பார்க்க வச்சு, முடிஞ்சதும் என்ன வேலை பார்த்தான், எத்தனை வாரம் பார்த்தான்னு லெட்டர்ஹெட்ல எழுதிக் கொடுங்க, அடுத்த கம்பெனிக்கு அவன் காட்டப்போற முதல் காகிதம் அதுவாத்தான் இருக்கும்.